பாட்டம் விங்

எங்கள் கிரவுண்டு சாய்ந்த கிரவுண்டு. இதை எங்கள் லைனில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், யாரிடம் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "லேசா ஒரு சரிவு கீது, அவ்ளோதான்" என்பார்கள். லேசான சரிவாம்! ரோட்டுப் பக்கத்துக் கோட்டில் பந்தை வைத்துவிட்டுக் கையை எடுத்தால், அது யாரையும் கேட்காமல் கிரவுண்டின் அகலம் முழுக்க உருண்டுபோய் எதிர்ப்பக்கம் மோரியில் விழும். ஊர்ச் சாக்கடையும், மழைக் காலத்தில் சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த சைனைட் மேட்டிலிருந்து கரைந்து வரும் சாம்பல் தண்ணீரும் ஓடுகிற கால்வாய் அது. அதிலிருந்து பந்தை எடுத்து, கழுவி, மண்ணில் புரட்டிக் காயவைத்துக் கொண்டு வருவதற்குள் ஆடுகிறவர்களுக்கு வேர்வை ஆறிப்போகும்.

இந்தக் கிரவுண்டில் ரோட்டுப் பக்கத்துக்குப் பெயர் சர்ஃபேஸ். மோரிப் பக்கத்துக்குப் பெயர் பாட்டம். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் தரைமட்டத்தை சர்ஃபேஸ் என்பார்கள், ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கும் கேஜ் கடைசியாக நிற்கிற இடத்தை பாட்டம் என்பார்கள். சுரங்கம் மூடியபோது இன்றைக்கு இங்கே ஆடுகிற பிள்ளைகளில் ஒன்றுகூடப் பிறந்திருக்கவில்லை. ஆனால் பேச்சு மட்டும் அப்படியே வந்துவிட்டது. "பாட்டத்துக்குக் குடுடீ!" "சர்ஃபேஸ்ல ஆள் கீது பாரு!" ஞாயிற்றுக்கிழமை காலையில் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன் வரைக்கும் இந்தச் சத்தம் கேட்கும். லெஃப்ட், ரைட் என்று ஒரு குரல் கேட்காது. எங்களுக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

என் பெண் இந்தக் கிரவுண்டில் பாட்டம் விங் ஆடினாள். உலகத்தில் வேறு எங்கேயும் அப்படி ஓர் இடம் கிடையாது. லெஃப்ட் விங் உண்டு, ரைட் விங் உண்டு. எங்களிடம் மட்டும் பாட்டம் விங். யார் எங்கே உதைத்தாலும் பந்து கடைசியில் மோரியைப் பார்த்துத்தான் வரும். அது விழுவதற்குள் பிடித்து, கோல் போஸ்ட்டைப் பார்த்து ஓட வேண்டும். அதற்கு டீமிலேயே வேகமான கால் வேண்டும். அது என் பெண்ணின் கால். முதல் பாதியில் அவளுக்கு மோரி இடது பக்கம் இருக்கும். பாதி ஆட்டம் முடிந்து இரண்டு டீமும் பக்கம் மாறும். மற்ற பிள்ளைகள் எல்லாம் அந்தந்த இடத்துக்கு மாறுவார்கள். என் பெண் மாறமாட்டாள். தண்ணீர் குடித்துவிட்டு அதே மோரி ஓரத்தில் போய் நிற்பாள். அதாவது முதல் பாதியில் லெஃப்ட் விங், இரண்டாம் பாதியில் ரைட் விங். வருஷக்கணக்காக இப்படித்தான் ஆடினாள். யாருக்கும் இது வித்தியாசமாகத் தெரியவில்லை. வாரத்தில் ஆறு நாள் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய், ஞாயிறு மட்டும் கிரவுண்டு ஓரம் நிற்கிற எனக்கா தெரியப்போகிறது?

பெங்களூரில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கோச்தான் வந்து சொன்னான். கோச் என்றால் பெரிய ஆள் இல்லை. முன்னே எங்கள் லைன் டீமுக்கு கோல் கீப்பர், இப்போது பெங்களூரில் ஒரு ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி, என்னோடு ஒரே ரயிலில் வருகிற தம்பி. விடுதியில் சேர்ந்தால் படிப்பு, சாப்பாடு, தினமும் பயிற்சி எல்லாம் அவர்களுடையது. என் பெண்ணுக்கு இந்த வருஷம்தான் கடைசி. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். அவள் இதைக் கேட்ட நாளிலிருந்து சோறு தின்னும்போதுகூடக் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. கே.ஜி.எஃப்.பில் பிறந்தவள் பெங்களூருக்குப் போவதென்றால் ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குத்தான் என்று ஆகிவிட்டது. ஒருத்தியாவது வேறு எதற்காகவாவது போகட்டுமே என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். பெங்களூர் கிரவுண்டில் எங்கே பார்த்தாலும் பச்சை, வெள்ளைக் கோடு, மேடு பள்ளம் என்று ஒன்றும் கிடையாது. தேர்வு செய்கிறவர் ஒரு அம்மா. தலையில் தொப்பி, கழுத்தில் விசில், பேச்செல்லாம் கன்னடம். பிள்ளைகளை இரண்டு டீமாகப் பிரித்து ஆடவிட்டார். என் பெண்ணை லெஃப்ட் விங்கில் போட்டார்கள். முதல் பாதியில் அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அந்த அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லித் தலையாட்டினார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆச்சு, எடுத்துவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

பாதி முடிந்தது. இரண்டு டீமும் பக்கம் மாறின. என் பெண் தண்ணீர் குடித்துவிட்டு, முன்னே நின்ற அதே கோட்டோரத்தில் போய் நின்றாள்.

அங்கே ஏற்கெனவே அவள் டீமிலேயே ரைட் விங் ஆடுகிற பெண் வந்து நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். எதிர்ப்பக்கம் இடது ஓரம் ஆளில்லாமல் காலியாகக் கிடந்தது. அந்த அம்மா விசிலை ஊதி, "ஏய், லெஃப்ட் யாவுது, ரைட் யாவுது கொத்தில்வா?" என்று கத்தினார். இடது எது, வலது எதுவென்று தெரியாதா என்று கேட்கிறார். கன்னடம் என் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும், கேள்வியும் புரிந்தது. ஆனால் பதில் எங்கள் கிரவுண்டிலிருந்து வந்தது. நிமிர்ந்து நின்று, மரியாதையாக, "மேடம், ஐ ஆம் பாட்டம்" என்றாள்.

கிரவுண்டு முழுக்கச் சிரித்தது. பெங்களூர்ப் பிள்ளைகள் பாட்டம் என்றால் என்ன நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருத்தி பின்பக்கத்தைத் தட்டிக் காட்டிச் சிரித்தாள். என் பெண்ணுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் முகம் செத்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் ஆடியது ஆட்டமே இல்லை. வேலி ஓரம் நின்றிருந்த எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் கோபம் வரவில்லை. சத்தியமாக இல்லை. எங்கள் கிரவுண்டு மேல் வந்தது. அன்றைக்கு அது கையில் கிடைத்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

முடிந்ததும் அந்த அம்மாவிடம் போய் எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். எங்கள் கிரவுண்டு சாய்ந்தது, அவள் எப்போதும் தாழ்ந்த பக்கத்திலேயே ஆடிப் பழகினவள் என்றேன். அவர் நல்ல மனுஷி. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஓட்டம் இருக்கிறது, நாளைக்குக் காலையில் ஒரு தடவை பார்க்கிறேன், இரண்டு பக்கமும் ஆடத் தெரிய வேண்டும் என்றார். நாளைக்குக் காலையில்! இத்தனை வருஷப் பழக்கத்தை ஒரு சாயங்காலத்தில் மாற்ற வேண்டும்.

மத்தியான ரயிலில் திரும்பி வந்து நேராகக் கிரவுண்டுக்குப் போனேன். கோச் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தான். வரச்சொல்லி, நடந்ததைச் சொல்லிக் கத்தினேன். "புள்ளைய ஒரே பக்கமா நிக்க வெச்சிருக்கியே, உனக்கே இது சரியா படுதா?" என்றேன்.

"இன்னாக்கா நீங்க" என்றான். "வேகமா ஓடுற புள்ள பாட்டம்ல நின்னாதான பந்து மோரிக்குப் போவாது? ஹாஃப் டைமுக்கு அப்புறம் அவள சர்ஃபேஸ்ல வுட்டா பாட்டத்த யாரு பாக்கறது?"

"அப்போ நீ சொல்லிக்குடுத்தது ஃபுட்பாலா, மோரிக்குக் காவலா?"

அவன் சிரித்தான். அவனைக் குற்றம் சொல்லி என்ன? அவனும் இதே கிரவுண்டில் ஆடி வளர்ந்தவன்தான். கோல் கீப்பராக இருந்த காலத்தில் எப்போதும் பாட்டம் பக்கத்துப் போஸ்ட்டை ஒட்டியே நிற்பான் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

நான் சொன்ன யோசனை இதுதான். கிரவுண்டைத் திருப்பிப் போடுவோம். இப்போது சரிவு குறுக்கே ஓடுகிறது, ஒரு ஓரம் எப்போதும் மேடு, ஒரு ஓரம் எப்போதும் பள்ளம். கோலை சர்ஃபேஸ் பக்கம் ஒன்று, பாட்டம் பக்கம் ஒன்று என்று வைத்துவிட்டால் சரிவு கோலுக்குக் கோல் ஓடும். ஒரு பாதி மேட்டைப் பார்த்து ஆடலாம், ஒரு பாதி பள்ளத்தைப் பார்த்து ஆடலாம். இரண்டு ஓரமும் ஒரே மாதிரி இருக்கும். இடது இடதாகவும் வலது வலதாகவும் இருக்கும்.

கோச் தலையைச் சொறிந்தான். "அகலத்துல ஆடினா கிரவுண்டு சின்னதாயிடும்கா. சின்ன கிரவுண்டுல ஆடினா புள்ளைங்க ஆட்டமும் சின்னதாயிடும்."

"காலையில நான் பாத்துக்கினுதான இருந்தேன்? ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்ன அவ்ளோ பெரிய கிரவுண்ட கோன் வெச்சித் துண்டு துண்டாப் பிரிச்சி, ஒவ்வொண்ணுலயும் நாலஞ்சு புள்ளைங்கள வுட்டாங்க. பாஸ் கத்துக்க ஒரு கட்டம், ஓடக் கத்துக்க ஒரு கட்டம். அங்க இன்னா கத்துக்குடுக்கணுமோ அதுக்கு ஏத்த மாதிரி கிரவுண்டு போடறாங்க. நம்ம கிரவுண்டு எப்படிக் கீதோ அதுக்கு ஏத்த மாதிரி ஆட்டத்தப் போட்டுக்கினு கீறோம்."

கையில் கிடைத்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, கல்லை வைத்து இரண்டு கோல் போட்டோம். என் பெண்ணின் இடது மணிக்கட்டில் தலைக்குப் போடுகிற ரப்பர் பேண்டை மாட்டிவிட்டேன். "இந்தக் கை எங்க கீதோ அதான் உன் பக்கம். மோரிய மறந்துடு" என்றேன். சரி என்று தலையாட்டினாள். சிரிப்புச் சத்தம் இன்னும் அவள் காதில் இருந்தது, எனக்குத் தெரியும்.

முதல் பத்து நிமிஷம் கூத்துதான். மேட்டைப் பார்த்து உதைத்த பந்தெல்லாம் உதைத்தவர்கள் காலுக்கே திரும்பி வந்தது. பள்ளத்தைப் பார்த்து ஆடிய டீம் கோல் மேல் கோல் போட்டது. பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கியது, "இது இன்னா ஆட்டம் ஆன்ட்டி" என்று என்னைத் திட்டினார்கள். ஆனால் பக்கம் மாறியபோது என் பெண் மணிக்கட்டைப் பார்த்தாள், சரியான ஓரத்துக்குப் போனாள். மறுபடி மாற்றினோம், மறுபடி சரியாகப் போனாள். எனக்கு உயிர் வந்தது.

அந்த நேரம் பார்த்து லைன் கமிட்டித் தலைவர் வந்து சேர்ந்தார். சுரங்கத்தில் கேஜை ஏற்றி இறக்கும் வைண்டிங் இன்ஜின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். லைனில் ஒரு குழாய் மாற்றுவதென்றாலும் அவரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, கிரவுண்டயே திருப்பிப் போட்டுக்கினு கீற?"

"நிரந்தரமாவே திருப்பிடலாம் பெரியப்பா. அந்த ரெண்டு இரும்புப் போஸ்ட்ட மட்டும் புடுங்கி இந்தப் பக்கம் நட்டா போதும்."

அவர் ஏதோ சாமியைப் பெயர்க்கச் சொன்னதுபோல் பார்த்தார். "போஸ்ட்ட புடுங்கினா அம்மன் திருவிழாவுக்குப் பந்தல எதுல கட்டறது?" என்றார். அதுவும் உண்மைதான். வருஷா வருஷம் பந்தல் துணியின் கயிற்றை அந்த கோல் போஸ்ட்டில்தான் கட்டுகிறார்கள். அம்மன் ஊர்வலம் வந்து இறங்குகிற இடம் அந்த இரண்டு போஸ்ட்டுக்கு நடுவில். வருஷத்தில் சில நாள் பந்தல் கட்டுவதற்காக மீதி நாளெல்லாம் பிள்ளைகள் கோணலாக ஆட வேண்டும். பந்தலுக்குத் தனியாகக் கம்பம் நடலாமே என்றேன். "பாக்கலாம்" என்றார். எங்கள் கமிட்டியில் பாக்கலாம் என்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று அர்த்தம்.

மறுநாள் காலையில் முதல் ரயிலைப் பிடித்துப் போனோம். ரப்பர் பேண்ட் கையிலேயே இருந்தது. அந்த அம்மா சொன்னபடி மறுபடி ஆடவிட்டார். லெஃப்ட் என்றார், என் பெண் லெஃப்ட்டில் நின்றாள். பக்கம் மாறியது, சரியாக மாறினாள். ரைட்டுக்குப் போ என்றார், போனாள். நான் வேலிக் கம்பியைப் பிடித்த பிடியில் கை சிவந்துவிட்டது. அவ்வளவுதான், தப்பித்தோம் என்று நினைத்தேன்.

பிறகு நடுவில் நின்ற பெண் ஓரமாக ஒரு பந்தைத் தட்டிவிட்டாள். நல்ல பந்து, என் பெண்ணைப் பார்த்துத்தான் வந்தது. அவள் ஓடத் தயாராக, குனிந்து, முட்டியில் கை வைத்து நின்றாள். பந்து வந்தது, வேகம் குறைந்தது, அவளுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. அவளும் நின்றுகொண்டே இருந்தாள். எதிர் டீம் பெண் ஓடிவந்து எடுத்துக்கொண்டு போனாள். இன்னொரு பந்து வந்தது. அதுவும் அப்படியே. மூன்றாவதற்கு எனக்கு விளங்கிவிட்டது. முந்தின நாள் முதல் பாதியில் பந்தெல்லாம் அவள் காலுக்கே வந்ததால் இது தெரியவில்லை. எங்கள் கிரவுண்டில் பாட்டத்தில் நிற்கிறவள் பந்திடம் போக வேண்டியதில்லை. எதிரே போனால் அது தாண்டி உருண்டு மோரிக்குப் போய்விடும். நிற்க வேண்டும், பந்து தானாக வரும். அதைத்தான் அவள் கால் இத்தனை வருஷம் கற்றுக்கொண்டிருந்தது. இடது வலதை ஒரு சாயங்காலத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டேன். இதை எதைக் கட்டி மாற்றுவது?

அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, பெண் பந்துக்காகக் காத்திருக்கிறாள், இங்கே ஆடுகிறவர்கள் பந்தைத் தேடிப் போக வேண்டும் என்றார். சின்ன வயதிலேயே கொண்டு வந்திருக்கலாம் என்றார். வயது தாண்டிவிடும் என்று அவருக்கும் தெரியும், அதனால் அடுத்த வருஷம் என்று சொல்லவில்லை.

ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பங்காரப்பேட்டை வரைக்கும் அவள் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு, என்னைப் பார்க்காமலே, "வரும்னு நெனச்சேன்மா" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியாத ஆத்திரம். கோச் மேல் கொஞ்சம், பந்தல் மேல் கொஞ்சம், இப்படி ஒரு சரிவில் கோடு போட்டு இதுதான் கிரவுண்டு என்று சொன்ன, பேர் தெரியாத ஆள் மேல் நிறைய.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை என் பெண் கிரவுண்டுக்கு வரவில்லை. தலைவலி என்றாள். நான் போனேன். போஸ்ட் விஷயத்தை இந்தத் தடவை விடுவதில்லை என்று போனேன். கமிட்டித் தலைவர் ரோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, பெங்களூரில் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, போஸ்ட்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றேன்.

அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "உன் பொண்ணு செலெக்ஷன்தான் முடிஞ்சிபோச்சேம்மா. இனிமே எதுக்கு?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் மோரிப் பக்கம் கை நீட்டினார். முகம் முழுக்கப் பெருமை. "அங்க பாரு. உன் பொண்ணு எடத்துல இப்போ யாரு நிக்கறா தெரியுமா? என் பேத்தி. கோச்சே சொல்லிட்டான், டீம்ல இவ கால்தான் வேகம்னு."

பார்த்தேன். குட்டிப் பெண். பெரிய ஜெர்ஸியை இடுப்பில் முடிந்துகொண்டு, மோரி ஓரத்தில், முட்டியில் கை வைத்து நின்றாள். மேலிருந்து பந்து உருண்டு வந்தது. அவள் அசையவில்லை. காலடிக்கு வந்ததும் எடுத்துக்கொண்டு பறந்தாள். என்ன வேகம்! என் பெண்ணைவிட வேகம்.

"பெரியப்பா, அவள அங்கேர்ந்து எடுக்கச் சொல்லுங்க" என்றேன். "இன்னும் வயசு கீது. இப்பவே எடுத்துடுங்க. வேற எங்கனா ஆட வைங்க."

அவர் முகத்தில் சிரிப்பு மறைந்தது. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அன்பாகத்தான் சொன்னார்.

"உன் பொண்ணுக்குக் கெடைக்கலன்னு வயித்தெரிச்சல் படக்கூடாதும்மா. சின்னப் புள்ள. நல்லா வரட்டும்னு சொல்லு."

என்ன சொல்வது? இனி நான் எதைச் சொன்னாலும் இந்த லைனில் அதற்குப் பெயர் வயிற்றெரிச்சல். கோச்சிடம் சொன்னாலும் அதுதான், அந்தப் பெண்ணின் அம்மாவிடம் சொன்னாலும் அதுதான். எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை, என் வாயால் மட்டும் சொல்ல முடியாமல் போய்விட்டது.

விசில் அடித்தார்கள். பிள்ளைகள் பக்கம் மாறினார்கள். பேத்தி தண்ணீர் குடித்துவிட்டு, நின்ற ஓரத்துக்கே திரும்பிப் போனாள். தாத்தா எழுந்து நின்று கை தட்டினார். தட்டிக்கொண்டே திரும்பி, நான் தட்டுகிறேனா என்று பார்த்தார்.

தட்டினேன்.